தியாகராயரும் ஒரு அணா சாப்பாடும்

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலை அதிகமா விற்பனையாகிற இடங்கள்ல தி.நகரும் ஒண்ணு. அந்த ‘தி’க்குள்ளே ஒரு தறி முதலாளி இருக்கார். எங்க ஓரிக்கையில் நெசவு செய்யறவங்ககிட்ட கேட்டாக்கூட, “தியாகராயரா, கட்சித் தலைவர்தானே?” என்பார்கள். தப்பில்லை. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்றுதான் நாமும் படித்தோம். ஆனால் அவர் வாழ்க்கையில் கட்சிக்கு அமைந்தது கடைசி ஒன்பது வருடம். சென்னை நகராட்சி மன்றத்துக்கு அவர் கொடுத்ததோ சுமார் நாற்பது வருடம். இந்தக் கட்டுரை அந்த நாற்பது வருடத்தைப் பற்றியது.

பிட்டி தியாகராயச் செட்டியார் பிறந்தது 1852. மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு அரசு வேலைக்குப் போகாமல் குடும்பத் தொழிலுக்கே வந்தார். வடசென்னையில் நெசவாலை நடத்தி, பறக்கும் நாடாத் தறியைப் பரப்ப முயன்றார். கையால் நாடா எறிந்து நெய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் நாடா அந்தக் கரைக்கு ஓடிவிடும். வேகமும் கூடும், அகலத் துணியும் நெய்யலாம்.

1882ல் நகராட்சி மன்றத்துக்குள் போனார். விளக்கு, சாக்கடை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று தினசரி வேலைதான். 1919ல் மன்றத்தின் தலைவரானார். அதுவரை அந்த நாற்காலியில் அரசு அதிகாரிகள்தான் இருந்தார்கள். அதிகாரி அல்லாத முதல் தலைவர் இவரே. ‘மேயர்’ என்ற பட்டம் சென்னைக்குத் திரும்பி வந்தது 1933ல்தான். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்து, முதல் மந்திரி பதவி வீடு தேடி வந்தபோது வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பதவிக்கு வந்தார். தியாகராயர் நகராட்சித் தலைவராகவே தொடர்ந்தார்.

அதே 1920 செப்டம்பரில் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு! காரணமும் எளிமையானது: பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் சேர்க்கை குறைவு. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23ல் 811, 1924-25ல் 1,671. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு.

இங்கே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம். ஹேசன் பிங்கிரி அங்கே செருப்புத் தொழிற்சாலை முதலாளி, 1890ல் மேயரானார். டிராம் கம்பெனியோடு கட்டணத்துக்காக மல்லுக்கட்டினார், நகரத்துக்குச் சொந்தமாக மின்விளக்கு நிலையம் வைத்தார். 1890களின் பொருளாதாரச் சரிவில் வேலை போனவர்களுக்கு, நகரத்தில் சும்மா கிடந்த மனைகளை வாங்கிக் கொடுத்து உருளைக்கிழங்கு போடச் சொன்னார். ஊரே கேலி செய்தது. அறுவடை வந்ததும் கேலி நின்றது, மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின.

இரண்டு பேருமே முதலாளிகள். பசி என்பது நகராட்சியின் பொறுப்பு என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கிறது. ஆனால் பிங்கிரி மக்கள் ஓட்டில் நேராக வந்தவர். தியாகராயரைத் தேர்ந்தெடுத்தது மன்றம். மன்றத்தின் செலவுக்கு மேலே அரசாங்கம். தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவழிக்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் சாப்பாடு நின்றது. அதே ஆண்டு தியாகராயரும் காலமானார். அப்போது உருவாகிக்கொண்டிருந்த புது நகருக்கு அவர் பெயர் கிடைத்தது; அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கவில்லை.

கணக்குப்படி பார்த்தால் அரசு சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். கல்வி நிதி என்றால் பலகை, புத்தகம், வாத்தியார் சம்பளம். ஆனால் சாப்பாடு போட்டதும் பிள்ளை பள்ளிக்கு வருகிறதென்றால், அந்தச் சோறு கல்விச் செலவா, இல்லையா? 1,671 என்ற எண்ணே பதில் சொல்கிறது. அந்தக் கேள்வியை மாநில அளவில் காமராஜர் 1956ல் மதிய உணவாகத் தீர்த்தார். 2022ல் காலை உணவும் சேர்ந்தது. இன்று யாரும் இதைக் கல்விக்கு வெளியே உள்ள செலவென்று சொல்வதில்லை.

என் வாதம் இதுதான்: மேலே உட்கார்ந்து யோசித்து வந்த திட்டமில்லை இது. ஒரு பள்ளியில் எத்தனை தலை குறைகிறது என்று பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு நகராட்சியிலிருந்து வந்தது. நம் ஊர் மன்றங்களுக்கு அந்தக் கண் இன்றைக்கும் இருக்கிறது. செலவழிக்கக் கைதான் கட்டியிருக்கிறது. அடுத்த தடவை ரிப்பன் மாளிகைப் பக்கம் போனால், அந்த வளாகத்தில் அவர் சிலை நிற்கும். கொஞ்சம் நின்று பாருங்கள்.