ஈரல் சுருக்கமும் எதிர்ப்பணுக்களும்

நாள்பட்ட கல்லீரல் நோயில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டுக் கொதித்தபடியே இருக்கும். கிருமி வந்து நிற்கும்போது மட்டும் அவற்றுக்கு வலு இருக்காது. குடி, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல் ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் தழும்பேறிச் சுருங்கிய ஈரலில் இந்த நிலை முற்றுகிறது. ஈரல் சுருக்கம் (சிரோசிஸ்) கண்டவர்கள் இறப்பதில் கிருமித்தொற்றுக்குப் பெரும் பங்குண்டு.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருவது. அதோடு கலந்து வரும் பாக்டீரியாவையும் நச்சையும் ஈரலின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் குப்ஃபர் அணுக்கள் விழுங்கிவிடும். ஜெர்மானிய உடற்கூறியலாளர் குப்ஃபரின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. உடல் திசுக்களில் தங்கி வாழும் விழுங்கணுக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரலில்தான் இருக்கின்றன.

ஈரல் இறுகினால் உள்ளே அழுத்தம் கூடி, குடல் ரத்தம் பக்கவழிகளில் ஈரலைத் தொடாமலே போய்விடுகிறது. குடல் சுவரும் கசியத் தொடங்குவதால் நச்சு ரத்தத்தில் சுற்றிச்சுற்றி வருகிறது. நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறனை இழக்கின்றன. கிருமியை மற்ற அணுக்களுக்கு அடையாளம் காட்ட மோனோசைட் என்னும் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கவேண்டிய புரதம் குறைகிறது. வீங்கிய மண்ணீரல் வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அதனால்தான் காய்ச்சல் அடிக்கட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. தொற்று முற்றியும் உடம்பு சுடாமல் இருக்கலாம். ஏற்கெனவே குறைந்திருந்த வெள்ளணு எண்ணிக்கை, தொற்றினால் கூடியும் இயல்பான அளவைத் தாண்டாமல் ஏமாற்றலாம். பகலில் தூங்கி வழிவது, பேச்சு தடுமாறுவது, சிறுநீர் குறைவது ஆகியவையே வீட்டார் காணும் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

மகோதரம் எனப்படும் வயிற்று நீர்க்கட்டில் எதிர்ப்பணுக்களின் இந்தத் தளர்ச்சி தெளிவாகத் தெரியும். வயிற்றில் எந்தத் துளையும் இல்லாமலே குடல் பாக்டீரியா அந்த நீருக்குள் நுழைந்துவிடும். கிருமியின் மேல் படிந்து அணுக்களுக்கு அதைப் பிடித்துக்கொடுக்கும் புரதங்கள் அந்த நீரில் சொற்பம். இத்தொற்றைக் கண்டறிய, அடிவயிற்றின் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிது நீரை உறிஞ்சி, படுக்கையருகிலேயே கிருமி வளர்ப்புப் புட்டியில் செலுத்துகிறார்கள். மீதி அணு எண்ணிக்கைக்குப் போகிறது. ஒரு கன மில்லிமீட்டரில் 250 அல்லது அதற்கு மேற்பட்ட நியூட்ரோஃபில்கள் இருந்தால், வளர்ப்பு முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கப்படும். கூடவே அல்புமின் என்னும் ரத்தப் புரதத்தை ஏற்றுவது சிறுநீரகத்தைக் காக்கிறது.

ஹெபடைடிஸ் பி-யில் கதை வேறு. பிறக்கும்போதே வைரஸ் தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நிலைத்துவிடுகிறது. அதோடு ஆண்டுக்கணக்கில் மோதும் டி அணுக்கள் என்னும் எதிர்ப்பணுக்கள் களைத்துச் செயலிழக்கின்றன. இங்கேதான் கீழாநெல்லி வருகிறது. தமிழகத்தில் மழைக்குப்பின் கொல்லையில் முளைக்கும் இச்செடியை அரைத்து மோரில் கலக்கிக் காமாலைக்குக் கொடுப்பது பழைய வழக்கம். சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்க் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. வேறிடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் இப்பலன் கிட்டவில்லை. தமிழ் மருத்துவ அறிவை உலக மேசைக்குக் கொண்டுபோன மதிக்கத்தக்க முயற்சி அது. ஆனாலும் வயிறு வீங்கியவரைக் கீழாநெல்லியை நம்பி வீட்டில் வைத்திருப்பதற்கு அது சான்றாகாது.

தடுப்பூசியின் பலன் உறுதியானது. 2011இல் இந்தியா முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணை, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படவேண்டும். ஈரல் சுருங்கியவர்களிடம் அதே ஊசிக்கு எதிர்ப்பொருள் குறைவாகவே சுரக்கிறது. அவர்களுக்கு இரட்டிப்பு அளவு கொடுத்து, பிறகு ரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள்.