1511: ஒரு திருவருகைக் கால மறையுரை



திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு வந்துவிட்டால் நம் கோவில்களில் மறையுரை தானாகவே சுருங்கிவிடும். குடில் வேலை, கேரல் பவனி, பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்று எல்லார் மனமும் வேறெங்கோ இருக்கும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறன்று, 1511ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் சாந்தோ தொமிங்கோ நகரில் ஒரு குருவானவர் ஆற்றிய மறையுரையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கொலம்பஸ் அந்தத் தீவில் கால் வைத்தது 1492இல். அங்கே வாழ்ந்தவர்கள் தைனோ மக்கள். மரவள்ளி பயிரிட்டு, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். ஸ்பானியர்கள் அங்கே 'என்கொமியெந்தா' என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 'ஒப்படைத்தல்' என்பது அந்தச் சொல்லின் பொருள். குடியேறிய ஸ்பானியர் ஒருவரிடம் அரசர் பெயரால் இத்தனை தைனோ மக்கள் என்று ஒப்படைப்பார்கள். அவர் அவர்களைக் காத்து, ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் அவருக்கு உழைக்க வேண்டும். தாளில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. உழைப்பை மட்டும் வாங்கினார்கள். ஆற்று மணலை அரித்துப் பொன் எடுக்கிற வேலையில் மக்கள் பசியோடு செத்து விழுந்தார்கள். ஞானோபதேசம் சொல்லித் தர யாருக்கும் நேரமில்லை.

1510இல் தோமினிக் சபைத் துறவிகள் சிலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களின் தலைவர் பேத்ரோ தெ கோர்தோபாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓராண்டு எல்லாவற்றையும் பார்த்தார்கள். பிறகு கூடிப் பேசி, ஒரு மறையுரையைச் சேர்ந்தே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதைச் சொல்லும் பொறுப்பு அந்தோனியோ தெ மோந்தேசினோஸ் என்ற துறவியிடம் கொடுக்கப்பட்டது. ஆளுநராக இருந்த தியேகோ கொலம்பஸ், அதாவது கொலம்பஸின் மகன், அவரும் அதிகாரிகளும் தவறாமல் வர வேண்டும் என்று முன்கூட்டியே அழைப்பும் போயிற்று. வந்தார்கள். முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய மனிதர்களின் இடம் எந்த ஊரிலும் முன்வரிசைதானே!

திருமுழுக்கு யோவான் தம்மைப் பாலைநிலத்துக் குரல் என்று சொல்லும் நற்செய்திப் பகுதியை எடுத்துக்கொண்டார் மோந்தேசினோஸ். இந்தத் தீவு என்னும் பாலைநிலத்தில் கிறிஸ்துவின் குரல் நான்தான் என்று தொடங்கினார். எந்த உரிமையில் இந்த மக்களை அடிமைகளாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர்கள் மனிதர்கள் இல்லையா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள், இந்த நிலையில் உங்களுக்கு மீட்பு கிடையாது என்றும் சொன்னார்.

சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து தம் கூரை வீட்டுக்குப் போனார். அன்று மதியம் அவர்களுக்கு எண்ணெய் இல்லாத கீரைச்சாறுதான் கிடைத்திருக்கும் என்று எழுதுகிறார் இதை நமக்கு எழுதிவைத்த பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ்.

அதிகாரிகள் மடத்துக்குப் படையெடுத்தார்கள். பேத்ரோ தெ கோர்தோபா, அது எங்கள் எல்லாருடைய மறையுரை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு பேச்சைத் திருத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்புங்கள் என்று மிரட்டினார்கள். அது எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை என்றார் அவர். உண்மைதான், அவர்களிடம் இருந்த பொருள் எல்லாம் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அடுத்த ஞாயிறு கோவில் நிரம்பி வழிந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தவர்களிடம் மோந்தேசினோஸ் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். இனி உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டோம், வழிப்பறிக் கொள்ளையருக்கு எப்படிக் கேட்க முடியாதோ அப்படித்தான் என்றார்.

இங்கே கொஞ்சம் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது இந்த ஆண்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். குருவாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது உறைக்கிறது. திருவிழாவுக்கு உபயம் தருபவர் எதிரில் உட்கார்ந்திருக்க, தயார் செய்து வந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போன நாள்கள் எனக்கு உண்டு.

குடியேறிகள் அரசரிடம் முறையிட்டார்கள். தங்கள் சார்பில் பேச வேறொரு சபைத் துறவியையே அனுப்பினார்கள் என்பது நமக்கு வெட்கம்தான். புதிய நாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமையைத் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1508இல் ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்திருந்தார். நம் பக்கம் போர்த்துகீசிய அரசருக்கு இருந்த பதுரவாதோ உரிமையைப் போன்றதுதான் அது. சோறு போடுகிறவர் அரசர் என்றால் குருவின் வாய் எப்படித் திறக்கும்? 1512 மார்ச்சில் அரசர் பெர்தினாந்து அந்தத் துறவிகளின் வாயை அடைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். சபைத் தலைவரும் கடிந்துகொண்டார்.

மோந்தேசினோஸ் கப்பலேறி ஸ்பெயினுக்கே போய், அரசரைச் சந்தித்துத் தாம் கண்டதைச் சொன்னார். அதன் பிறகுதான் 1512 டிசம்பர் 27இல் புர்கோஸ் சட்டங்கள் வந்தன. நான்கு மாதத்துக்கு மேல் கர்ப்பமான பெண்களைச் சுரங்கத்துக்கு அனுப்பக்கூடாது, யாரையும் அடிக்கவோ நாய் என்று அழைக்கவோ கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. எதைத் தடை செய்கிறார்கள் என்று பார்த்தாலே என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிகிறதல்லவா? ஆனால் என்கொமியெந்தாவை அது ஒழிக்கவில்லை. 1514இல் மறுபடி பங்கிடுவதற்காக எண்ணியபோது தைனோ மக்கள் ஏறத்தாழ 26,000 பேர்தான் கணக்கில் வந்தார்கள். சில ஆண்டுகளில் பெரியம்மையும் வந்தது.

லாஸ் காசாஸைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவரும் குருதான். அவரிடமும் தைனோ மக்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். அதனாலேயே ஒரு தோமினிக் துறவி அவருக்குப் பாவமன்னிப்புத் தர மறுத்தார். அப்போதும் அவர் மாறவில்லை. 1514இல் கியூபாவில் பெந்தகோஸ்து மறையுரைக்குத் தயார் செய்தபோது சீராக் நூலின் 34ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. ஏழையிடம் பறித்ததைக் காணிக்கையாகக் கொடுப்பதைப் பற்றியும், உழைப்பவனின் பிழைப்பைப் பறிப்பது கொலை என்றும் சொல்லும் பகுதி அது. பல நாள் யோசித்து, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டு மரியன்னையின் விண்ணேற்பு நாளில் அதை மேடையிலிருந்தே அறிவித்தார்.

அவரும் தவறாதவர் அல்ல. தைனோ மக்களின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒருகாலத்தில் யோசனை சொன்னார். அந்த அடிமைத்தனமும் அதே அநீதிதான் என்று பின்னாளில் மனம் வருந்தி எழுதினார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அந்த மக்கள் உண்மையான மனிதர்கள், அவர்களின் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று அறிவித்தார். சாந்தோ தொமிங்கோவில் அந்தக் கேள்வி எழுந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மோந்தேசினோஸ் கையில் இருந்த அந்தத் தாள் இன்று இல்லை. அவர் பேசியது நமக்குத் தெரிவதெல்லாம் லாஸ் காசாஸ் எழுதிய வரலாற்று நூலால்தான். அந்த நூல் அச்சேறியது 1875இல். பாவமன்னிப்பு மறுக்கப்பட்ட அந்தக் குரு எழுதி வைத்திராவிட்டால், மோந்தேசினோஸ் பேசியதில் ஒரு வார்த்தைகூட இன்று என் கைக்கு வந்திருக்காது.