வேட்டை முகாமின் கூடாரமும் கணப்பும்

காட்டிலும் மலையிலும் பல நாள் தங்கி வேட்டையாடிய குழுக்களுக்கு ஆயுதத்திற்கு அடுத்தபடியாக வேண்டியிருந்தது இரவுத் தங்குமிடம். மழை ஒழுகாமல், காற்று புகாமல், பலர் சேர்ந்து படுக்கத்தக்கதாய், குளிரைத் தணிக்கும் நெருப்பும் உடையதாய் அது இருக்க வேண்டும். இந்த நான்கும் ஓரிடத்தில் அமைவது அரிது. துணிக்கு நெருப்புப் பகை. நெருப்பு இல்லாவிட்டால் குளிர் பகை. இந்தச் சிக்கலைத் தமிழக மலைகளில் வெவ்வேறு காலத்து மக்கள் எவ்வாறு தீர்த்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களும் பழஞ்சான்றுகளும்

தற்காலிகத் தங்குமிடத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. படை தங்கும் இடம் பாசறை அல்லது பாடிவீடு. துணியால் அமைவது கூடாரம். சிறிய கூடாரத்தை ராவுட்டி என்பர். இலை, தழை, புல் வேய்ந்த சிறு வீடு குரம்பை அல்லது குடில். மரத்தின் மேலோ கால்களின் மேலோ கட்டுவது பரண்.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டு, காட்டின் நடுவே அரசன் அமைத்த பாசறையை விரிவாகக் கூறுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டைத் தொழிலுடைய எயினரின் ஈந்தின் இலை வேய்ந்த குரம்பைகள் வருகின்றன. நெடுநல்வாடை குளிர்காலத்தைப் பாடும் நூல். அதில் மழையில் நனைந்த கோவலர் கொள்ளிக்கட்டையால் குளிர் காய்கின்றனர். நகர மக்கள் வீட்டுக்குள் 'தடவு' என்னும் அகன்ற வாயுடைய நெருப்புச் சட்டியைச் சுற்றி அமர்கின்றனர். வெளியில் திறந்த நெருப்பு, உள்ளே சட்டி நெருப்பு என்ற இருவகைப் பழக்கமும் அக்காலத்திலேயே இருந்ததை இதனால் அறியலாம். பின்னாளில் சட்டி நெருப்பின் இடத்தைக் கரி போட்டு மூட்டும் குமுட்டி அடுப்பு பிடித்தது.

சமவெளியும் சேலத்து மலைகளும்

எவ்வகைத் தங்குமிடம் தேவை என்பதை முதலில் முடிவு செய்வது உயரம். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 6 முதல் 6.5 பாகை செல்சியசு வரை குறைகிறது. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு இடைப்பட்ட சமவெளியில் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் நகரின் குடிநீருக்காக இங்கு ஏரி அமைக்கப்பட்டது. இங்கிருந்து பார்த்தால் தெரியும் சருகுமலை, போதமலை ஆகியவற்றின் அடிவாரத்தில் இரவு தங்குபவருக்குப் போர்வை ஒன்றே போதும். சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் மார்கழி இரவுக்குப் போர்வை போதாது. 2240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் அதே மாதத்தில் உறைபனி விழுகிறது. ஒரே மாநிலத்தில், ஒரே இரவில், மூன்று வகைத் தங்குமிடங்கள் தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

சேலத்து மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பொங்கலை ஒட்டி வேட்டைக்குச் செல்லும் வழக்கத்தை, எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல்தொகுதி குறிப்பிடுகிறது. அது மார்கழிக் குளிர் இன்னும் விலகாத காலம்.

அப்போதைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1965இல்தான் தருமபுரி பிரிந்தது. பெங்களூரைச் சேர்ந்த எழுத்தாளரும் வேட்டைக்காரருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தம் நூல்களில் இக்காடுகளைப் பற்றி நிறைய எழுதினார். வனத்துறை பங்களாக்களில் தங்கியதும், மரத்தின் மேல் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்ததும் அவற்றில் வருகின்றன. அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஒருவரான பைரா பூசாரி, ஓடைக்கரை மண்ணைக் குடைந்த குழியில் குடும்பத்துடன் வாழ்ந்தவர். மண் குழி காற்றைத் தடுக்கும். பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடும். செலவில்லாத அந்த இருப்பிடத்தில் தீப்பிடிக்கத் துணியும் இல்லை, சுமக்கப் பாரமும் இல்லை.

நீலகிரியில் குளிரும் கூடாரமும்

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிய பின்னர், ஆங்கிலேய அதிகாரிகள் அங்குத் தங்கத் தொடங்கினர். வரையாடும் கடமானும் மிகுந்த குந்தா மலைப்பகுதி அவர்களுக்கு வேட்டைக்களம் ஆயிற்று. அவலாஞ்சி, முக்குருத்தி ஆகிய இடங்கள் உதகையிலிருந்து தொலைவில் இருந்ததால் முகாமிட்டுத் தங்க வேண்டியிருந்தது.

அவர்களிடம் இருந்த கூடாரங்கள் பெரும்பாலும் சமவெளிக்கானவை. மாவட்டம்தோறும் சுற்றிவரும் அதிகாரிகளுக்காகப் பருத்தித் துணியில் தைக்கப்பட்டவை அவை. இரண்டு கூரைகளை இடைவெளி விட்டு அமைத்து வெயிலின் கடுமையைக் குறைப்பது அவற்றின் சிறப்பு. மலையில் தேவையோ வேறு. மழையில் நனைந்த பருத்திக் கூடாரம் மிகவும் கனக்கும். அதை மாட்டு வண்டி ஏறாத சரிவுகளில் ஆட்களே சுமந்தனர். சுமந்தவர்களுக்கு இரவில் கிடைத்த இடம் பெரும்பாலும் வெளியே எரியும் கட்டைகளின் ஓரம்தான். ஒரே முகாமில் துணிக்குள் இருந்தவருக்குக் காற்றிலிருந்து காப்பு. வெளியில் இருந்தவருக்கு நெருப்பு. இரண்டும் சேர்ந்து கிடைத்தவர் சிலரே.

அதே மலையில் இதற்கான விடை முன்பே இருந்தது. தோடர்களின் பழைய இல்லம் பாதி வெட்டிய பீப்பாய் போன்றது. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து அமைப்பர். ஏறத்தாழ 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம் இருக்கும். வாயில் சுமார் 3 அடி உயரமே என்பதால் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே அடுப்பு உண்டு. சிறிய வாயில் காற்றைத் தடுக்கிறது. வளைந்த கூரையில் மழைநீர் தங்குவதில்லை. புகை புல்லின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிகிறது. தோடர்கள் வேட்டையாடுபவர்கள் அல்லர், எருமை மேய்ப்பவர்கள். எனினும் அக்குளிரில் ஒரு குடும்பமே கதகதப்பாய் உறங்கும் முறையை அவர்களே நன்கு அறிந்திருந்தனர்.

அளவற்ற வேட்டையால் விலங்குகள் குறைந்தபோது, 1877இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1879இல் அதற்கான சட்டமும் வந்தது. அதன்பின் உரிமமும் பருவமும் பார்த்தே வேட்டையாட வேண்டியதாயிற்று. காலப்போக்கில் மலையில் நிலையான குடில்களும் எழுந்தன. முக்குருத்தியில் உள்ள மீன்பிடிக் குடில் இம்மரபின் எச்சம்.

கூடாரத்துக்குள் அடுப்பு

துணிக்குள் நெருப்பை வைக்கும் முயற்சி பிற நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. மங்கோலியரின் கம்பளி வீடும், வட அமெரிக்கப் பூர்வகுடியினரின் கூம்புக் கூடாரமும் உச்சியில் புகைவாய் கொண்டவை. அக்கூம்புக் கூடாரத்தைப் பார்த்து அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி சிப்லி 1856இல் ஒரு கூடாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சுமார் 18 அடி விட்டமும் 12 அடி உயரமும் கொண்ட அதில் பன்னிரண்டு பேர் கால்களை நடுவில் நீட்டிப் படுக்கலாம். நடுவில் தகர அடுப்பும் குழாயும் வைக்கலாம். ஆனால் அதைக் கொண்டுசெல்ல வண்டிகள் வேண்டியிருந்ததால் உள்நாட்டுப் போரின்போது அதன் பயன்பாடு குறைந்தது. அடுப்பு மட்டும் பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இன்று அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் குழுவாக வேட்டைக்குச் செல்வோர் இரண்டில் ஒன்றைத் தேர்கின்றனர். முதலாவது, நேர்ச்சுவர் கொண்ட கனத்த பருத்திக் கூடாரம். இது ஈரத்தை வெளியே விடும், நெடுநாள் உழைக்கும், ஆனால் வாகனமோ குதிரையோ செல்லும் இடம் வரைதான் ஏற்றது. இரண்டாவது, ஒற்றைக் கம்பத்தில் நிற்கும் மெல்லிய நைலான் கூம்புக் கூடாரம். இதையும் மடித்து எடுக்கும் டைட்டானியம் அடுப்பையும் முதுகில் சுமக்கலாம். ஆனால் அடுப்பு சிறியது. ஒருவர் மாற்றி ஒருவர் விழித்து விறகு இடாவிட்டால் விரைவில் அணைந்துவிடும். மூச்சின் ஈரமும் துணியின் உட்புறம் நீர்த்துளியாகப் படியும். இரண்டிலும் புகைக்குழாய் துணியைத் தொடாதபடி தீத்தாங்கும் வளையம் அமைந்திருக்க வேண்டும்.

கரியின் ஆபத்து

புகை கண்ணை எரிப்பதால் விறகு நெருப்பு தன்னை அறிவித்துக்கொள்கிறது. கனன்ற கரி அப்படியன்று. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்பு கொண்டது. தலைவலி, மயக்கம், உறக்கம் என்று தொடங்கி உயிரையே பறிக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்கியோர் இறந்த செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. எனவே புகைக்குழாய் இல்லாத எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் வைத்து உறங்கக் கூடாது. குழாய் இருந்தாலும் கீழே ஒன்று, மேலே ஒன்று எனக் காற்றுவழிகள் திறந்திருக்க வேண்டும்.

வேட்டைக்குப் பின்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டை மரபுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வேட்டைக்காரர்கள் முகாமிட்ட முக்குருத்தி 1990 முதல் தேசியப் பூங்காவாக, வரையாட்டின் புகலிடமாக விளங்குகிறது. காப்புக்காடுகளில் தீ மூட்டுவதைத் தமிழ்நாடு வனச்சட்டம் 1882ஆம் ஆண்டு முதலே தடைசெய்கிறது. அந்தத் தடையின் பொருளை 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ உணர்த்தியது. அதில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுக்கப்பட்டன.

இன்று தமிழக மலைகளுக்கு அனுமதியுடன் செல்லும் மாணவர் குழுக்களுக்குக் கணப்பு தேவையில்லை. தரையின் குளிரைத் தடுக்கும் விரிப்பு, நல்ல உறைப்போர்வை, உலர்ந்த மாற்றுடை, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டும் சிறிய வாயில் ஆகியவையே போதும். குழுவில் எல்லாருக்கும், சுமை தூக்குபவருக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்தே, உள்ளே இடம் இருக்கிறதா என்பதை எண்ணிப் பார்த்துக் கூடாரத்தைத் தேர்வது நல்லது. பழைய முகாம்கள் தவறவிட்ட கணக்கு அதுவே.