நீண்ட தூரத்துக்கு பங்க் கிடையாது... பழைய காரில் லடாக் போறீங்களா, முதல்ல இதைப் பாருங்க!

மணாலியிலிருந்து லே போகும் சாலையில் தாண்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளித்தான் என்று பக்கத்திலேயே போர்டு வைத்திருப்பார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அந்த வழியில் பெரும்பாலான தூரத்துக்கு பங்க் மட்டுமல்ல, சரியான ஒர்க்‌ஷாப்பும் கிடையாது. பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது. நடுவில் பாராலாச்சா லா, லாச்சுங் லா, தங்லங் லா என்று வரிசையாகக் கணவாய்கள். தங்லங் லாவின் உயரம் மட்டும் 5,300 மீட்டருக்கு மேல்.

`புது எஸ்.யூ.வி இருக்கிறவங்க போகட்டும், என்கிட்ட 12 வருஷ சான்ட்ரோதானே இருக்கு' என்கிறீர்களா? தாராளமாகப் போகலாம். மாருதி 800-லேயே போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால், `என் கார் 50,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, நல்லா இருக்கு' என்ற கணக்கு மட்டும் இங்கே செல்லாது. பழைய கார் நடுவழியில் நிற்பதற்கு இன்ஜின் காரணமாக இருப்பது குறைவு. நூறு, இருநூறு ரூபாய் ரப்பர் சாமான்தான் பெரும்பாலும் காலை வாரிவிடும். ரப்பருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது முக்கியமில்லை, எத்தனை வயது என்பதுதான் முக்கியம். வீட்டு வாசலில் வெயிலில் நின்றபடியே அது கெட்டுப்போகும்.

டயரில் ஒரு நாலு இலக்கம்

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். நிறைய பேருடைய ஸ்டெப்னி, கார் வாங்கிய நாளில் வந்ததாகவே இருக்கும்.

அடுத்து பானெட்டைத் திறங்கள். ரேடியேட்டர் ஹோஸை, இன்ஜின் ஆறியிருக்கும்போது அழுத்திப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தாலும் சரி, தொளதொளவென்று இருந்தாலும் சரி, மாற்ற வேண்டியதுதான். ஃபேன் பெல்ட்டிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பெல்ட் முழுசாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், டிக்கியில் வையுங்கள்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது. மாருதி 800, சான்ட்ரோ போன்ற பல பழைய கார்களில் பெல்ட். ஸ்விஃப்ட் டீசல் மாதிரி சிலவற்றில் செயின். பெல்ட் வண்டி என்றால், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதற்கு பில் இருக்கிறதா என்று தேடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி, முந்தைய ஓனர் `மாத்திட்டேன் சார்' என்று வாயால் சொன்னது மட்டும்தான் ஆதாரம் என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சாலையோரத்தில் சரிசெய்யக்கூடிய வேலை இல்லை அது.

ரேடியேட்டரில் பச்சைத் தண்ணியா, குழாய்த் தண்ணியா?

நம்ம ஊர் பழைய கார்களில் பாதிக்கு ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் ஓடும். சென்னையில் அது எப்படியோ சமாளித்துவிடும். லடாக்கில் சமாளிக்காது. அதற்கு ரெண்டு காரணம்.

முதல் காரணம், குளிர். சர்ச்சு போன்ற இடங்களில் செப்டம்பர் இரவுகளில் வெப்பநிலை சுலபமாக பூஜ்யத்துக்குக் கீழே போகும். தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் ரேடியேட்டரோ இன்ஜின் பிளாக்கோ வெடிப்பு விடும். ரெண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. உயரம் கூடக் கூட தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். தங்லங் லா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 82 டிகிரியிலேயே கொதிக்கும். காரின் இன்ஜின் சாதாரணமாக ஓடும் வெப்பநிலையே அந்த அளவுக்கு இருக்கும். இதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடிதான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் தள்ளுவது அதன் வேலை. அதன் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது. ஏற்றத்தில் வண்டி கொதித்துவிடும். ஆக, பழைய தண்ணீரை முழுசாக வடித்து, சிஸ்டத்தை அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூடவே மூடியையும் புதுசாக வாங்குங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்பதை, இன்ஜினைச் சூடாக்கி உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

ஏறுவதற்கு கிளட்ச், இறங்குவதற்கு பிரேக்

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 சதவிகித சக்தியை இழக்கும். உங்கள் 60 குதிரைத்திறன் கார், கணவாய் உச்சியில் 35 அளவுக்கு இறங்கிவிடும். அதில் நாலு பேர், நாலு பெட்டி. கடா லூப்ஸ் என்ற இடத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் கியரில், பாதி கிளட்ச்சில்தான் பல இடங்களில் நகர வேண்டியிருக்கும். காலியான சாலையில் மூன்றாவது கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் உயரத்தில் கரும்புகை விடும், மைலேஜ் விழும். காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாவதால் வருவது அது, பதற வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் அப்படியே உள்ளே போகும். ரெண்டு வருடம் ஆகிவிட்டால் முழுசாக மாற்றிவிடுங்கள். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மலையில் அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

பேட்டரிக்கு மூன்று வயது தாண்டிவிட்டால் புதுசு போடுங்கள். குளிர்காலையில் ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிப் பாருங்கள், மூச்சு வாங்குவது காருக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

பெட்ரோல் கணக்கு

ஊரில் 16 கிடைக்கிறதென்றால், அங்கே 10 என்றே கணக்குப் போடுங்கள். 365 கிலோமீட்டருக்கு 36 லிட்டருக்கு மேல் வேண்டும். சின்ன கார் டேங்க் 35 லிட்டர்தான். எனவே 10 லிட்டர் உலோக கேன் ஒன்று அவசியம். விளிம்பு வரை நிரப்பாமல், இறுக மூடி, ஆட்கள் உட்காரும் பகுதிக்கு வெளியே ஆடாமல் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

டிக்கியில் வேறென்ன? டியூப்லெஸ் பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், கூலன்ட், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், ஃப்யூஸ், பல்ப், ஹோஸ் கிளிப், ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு. கேபிள் கிளட்ச் வண்டி என்றால் ஒரு கிளட்ச் கேபிள். ஜாக்கி வேலை செய்கிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை வீலைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும். மண்ணில் ஜாக்கி புதையும்.

பேப்பரையும் பாருங்க

கார் 15 வருடத்தைத் தாண்டியிருந்தால் ஆர்.சி புதுப்பித்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் தேதிகளையும் பாருங்கள். இன்னொரு சிக்கல், டெல்லி. 10 வருடத்தைத் தாண்டிய டீசல், 15 வருடத்தைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பிறகு தளர்வு, திருத்தம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் நிலவரம் என்ன என்று பார்த்துவிட்டு ரூட்டை முடிவு பண்ணுங்கள்.

கிளம்பும் முன்னும், கிளம்பிய பின்னும்

எல்லா வேலையையும் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி எடுப்பது பெரிய ரிஸ்க். மாட்டிய புது பாகமோ, சரியாக முடுக்காத போல்ட்டோ பிரச்னை செய்தால், அது முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் தெரியும். அதனால் ஏற்காடு, வால்பாறை என்று ஒரு மலைக்கு முழு லோடோடு போய் வாருங்கள்.

சென்னையிலிருந்து மணாலி வரை சுமார் 2,700 கிலோமீட்டர், ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு. மணாலியில் ஒரு நாள் நின்று, டயர், பெல்ட், கூலன்ட், ஆயில், பிரேக் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு, ரோதாங் கணவாய் ஏறாமலே கேலாங் போய்விடலாம். அங்கே ஓர் இரவு தங்குவது உங்கள் உடம்புக்கும் நல்லது. காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கே வெட்டும் ஓடைகள் மதியத்தில் பெருகிவிடும். தண்ணீர் பம்பர் உயரத்துக்கு இருந்தால் இறங்காதீர்கள். இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் அங்கேயே முடிந்தது கதை.

மணாலி வரைக்குமே கார் ரெண்டு முறை சூடாகியிருந்தாலோ, கிளட்ச் வாடை அடித்திருந்தாலோ, இந்த ரூட்டை விட்டுவிடுங்கள். வண்டியைச் சரிபார்த்துவிட்டு ஸ்ரீநகர் வழியாக லே போகலாம். அந்தச் சாலையில் மிக உயரமான ஃபோட்டு லா சுமார் 4,100 மீட்டர்தான். நடுவில் கார்கில் இருக்கிறது. அங்கே பங்க்கும் உண்டு, மெக்கானிக்கும் உண்டு.