வன்னிச் சேனையும் ‘செத்த நிலமும்’

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வன்னியை நினைத்து எழுதப்பட்டதல்ல. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேடிய காலத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் அதிலுள்ள ஒரு விதி வன்னிக் கமக்காரரின் அடிமடியிலேயே கை வைத்தது. பல ஆண்டு இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்கள் கண்டி மாகாணங்களில் முடிக்குரியவை என்றும், ஏனைய மாவட்டங்களில் காடாகவோ தரிசாகவோ கொள்ளப்படும் என்றும் அது சொன்னது. காடும் தரிசும், வேறொருவருடையவை என்று நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே சொந்தம். ஆக, நிலத்தை ஆறப்போடுபவன் அதைக் கைவிட்டவனாகிறான்.

உண்மையில் சேனையின் உயிரே அந்த ஆறப்போடுதலில்தான் இருக்கிறது. வன்னியில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்றும் வெயிலும்தான். மேல்மண் மெல்லியது, காய்ந்தால் கல்லுப்போல இறுகும். ஆகவே மாரிக்கு முன் பற்றையை வெட்டி எரித்து, குரக்கன், எள்ளு, பயறு, உழுந்து என்று ஒன்றிரண்டு போகம் எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் நிலத்தைக் காட்டிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பாலை, விளா, புளி போன்ற பயன்தரும் மரங்களை வெட்டாமல் விட்டார்கள். அடிக்கட்டைகள் துளிர்த்தன, உதிர்ந்த சருகு மண்ணானது. இன்று ‘வேளாண் காடு வளர்ப்பு’ என்று கருத்தரங்குகளில் படிப்பிக்கிறார்களே, அதன் பழைய வடிவம் இது. சனம் குறைவாகவும் இடைவெளி நீளமாகவும் இருந்த காலத்துக்குத்தான் இது பொருந்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இடைவெளி மூன்று நாலு வருடமாகச் சுருங்கிய இடங்களில் மண் செத்தது.

குளங்களைச் சுற்றியும் இப்படியொரு ஏற்பாடு இருந்தது. அலைகரையில் மருது, நாவல் போன்ற மரங்கள் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைத்தன. மேலிருந்து வரும் வண்டலையும் பிடித்து வைத்தன. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே விடப்பட்ட மரப்பட்டை, கசிவுநீரின் உவர்ப்பு வயலில் இறங்காமல் காத்தது. இலுப்பை எண்ணெய் விளக்குக்கு, அதன் தழை வயலுக்கு. வரண்ட வலயத்தின் இந்தத் தொடர்குள முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. புளியங்குளம், பாலமோட்டை என்று எங்கட ஊர்ப் பெயர்களில் மரமும் நீரும் ஒட்டியிருப்பது சும்மா இல்லை.

இந்த நிலத்தில் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியின் நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு போன்ற ஊர்களில் முஸ்லிம்கள் வயலும் தோட்டமும் கடலும் வியாபாரமுமாக வாழ்ந்தார்கள். எழுபதுகளில் இறக்குமதி தடைப்பட்டபோது செத்தல் மிளகாயும் வெங்காயமும் வன்னியில் பொன்னாய் விளைந்த காலத்தை முதியவர்கள் இப்போதும் வாய்நிறையச் சொல்வார்கள். 1977க்குப் பிறகு சந்தை திறக்கப்பட்டதும் அந்த விலை போய்விட்டது. 1990 ஒக்டோபரில் எல்லாமே போனது. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

2009க்குப் பிறகு திரும்பியவர்களுக்கு வளவு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. இருபது வருடக் காடு. நாயுண்ணியும் விடத்தலும் முடிய, வீரையும் பாலையும் தலைக்கு மேலே நின்றன. “எல்லையைக் கேட்டா புளியைப் பாரு, கிணத்தைத் தேடு” என்பதுதான் பெரியவர்கள் சொன்ன வழி. அயலில், மன்னாரின் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தை 2012 ஒக்டோபரில் வர்த்தமானி மூலம் ஒதுக்குக்காடாக்கினார்கள். கல்லாறுக் காட்டில் செய்த குடியேற்றம் சட்டவிரோதம் என்றும், அங்கே முன்னாள் அமைச்சர் தன் செலவில் மரம் நட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பை ஒதுக்கித் தள்ள முடியாது. முன்பு காடாகவே இருந்த இடத்தைத் துப்பரவாக்குவதும், பழைய ஊரில் முளைத்த காட்டைத் துப்பரவாக்குவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில் எங்கட அரசியல்வாதிகளுக்கும் பங்குண்டு, சூழலியலாளர்களுக்கும் பங்குண்டு.

ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாவுல் மவாத்’, அதாவது செத்த நிலத்தை உயிர்ப்பித்தல் என்றொரு பாடம் உண்டு. யாரும் பண்படுத்தாத நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரிமையாகும். இதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூ ஹனீபா. தேவையில்லை என்றார் இமாம் ஷாபிஈ. இங்கே முக்கியமானது வேறொன்று: முன்பு பண்படுத்தப்பட்டு, உரிமையாளர் தெரிந்த நிலம், பாழடைந்து கிடந்தாலும் ஷாபிஈ மத்ஹபில் ‘மவாத்’ ஆகாது. 1840இன் சட்டத்துக்கு இது நேர்மாறு. இன்னொன்று ‘ஹரீம்’. கிணற்றையும் ஊரையும் சுற்றி அவற்றின் தேவைக்கான பரப்பை எவரும் தனக்கென்று உயிர்ப்பித்துக்கொள்ள முடியாது. அலைகரை மரப்பட்டையை அந்தக் கண்ணால் பார்க்கலாம். மீள்குடியேற்றத்தில் டோசர் இறக்கியபோது பல இடங்களில் நாம் அப்படிப் பார்க்கவில்லை.

டோசர் பற்றையோடு மேல்மண்ணையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும். முதல் வருடம் நிலம் துப்பரவாய்த் தெரியும். மூன்றாம் வருடம் பயறுகூட முகம் காட்டாது. கையால் வெட்டி, நல்ல மரங்களை நிற்கவிட்டு, வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால் நட்டால் கதை வேறு. அது மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும், குழை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கமே அதை ஏற்றுக்கொண்டது. வேலியோரம் வேம்பு, நடுவில் உழுந்து, முற்றத்தில் மாவும் தேசியும் என்றால் சின்னக் காணியும் தாங்கும்.

காணியே கையில் இல்லாதவர்களின் பாடு வேறு. யுத்தத்தால் பெயர்ந்தவர்களின் காணியில் பிறர் ஆட்சியுரிமை கோருவதைத் தடுக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது தனியாருக்கிடையிலான வழக்குகளுக்கென வந்தது. வனத் திணைக்களம் எல்லைக்கல் நட்ட இடத்தில் உதவாது. அங்கே பொமிற் வேண்டும், வரைபடம் வேண்டும். பல குடும்பங்களின் பத்திரங்கள் 1990இல் வீட்டோடு போய்விட்டன. மிச்சம் இருப்பவை தூர்ந்த கிணறு, பள்ளிவாசல் அத்திவாரம், வரிசையாய் நிற்கும் தென்னை. அன்று இருபது வயதில் வெளியேறியவர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. அந்தக் கிணறு யாருடையது, அந்தத் தென்னையை வைத்தது யார் என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களின் வாக்குமூலத்தை ஊர் ஊராக, காணி காணியாக எழுதி வாங்கும் வேலையைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் இந்த வருடமே தொடங்கலாம்.