வழிநூல் மரபும் எழுத்துத் திருட்டும்

1. முன்னுரை

பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுதல் குற்றம் என்னும் கருத்து மேலைநாட்டுக் கல்விமுறையோடு இந்தியாவிற்கு வந்தது என்பாரும் உளர். முன்னோர் சொற்களை அவ்வாறே எடுத்தாளும் மரபில் அது குற்றமாகாது என்பது அவர்தம் வாதம். மாணவர் ஆய்வேடுகளில் காணப்படும் எடுத்தெழுதலுக்கு இக்கூற்று சிலவேளைகளில் சமாதானமாகவும் அமைந்துவிடுகிறது. இந்திய இலக்கண, கவிதையியல் நூல்கள் இதற்கு இடந்தருகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

2. தமிழ் இலக்கண மரபு

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படும். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் சார்புநூலையும் சேர்த்து நூலை மூவகையாக்குகிறது.

நன்னூலார் தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றை மாற்றமின்றி எடுத்தாண்டுள்ளார். ஆயினும், பழஞ்சூத்திரங்களை ஆள்வதற்குரிய காரணத்தை நன்னூற் பாயிரமே கூறுகிறது. சிறப்புப்பாயிரத்துள் சொல்லப்பட வேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது ‘வழி’, அதாவது நூல் வந்த மூலம். எடுத்தாளுதல் இங்கு உரிமை. மூலத்தைச் சொல்லுதல் கடமை.

உரையாசிரியர்களும் இந்நெறியையே பின்பற்றினர். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்குமிடத்து, ‘உரையாசிரியர்’ எனச் சுட்டியே மறுக்கிறார். நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் இயற்றிய விருத்தியுரையை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் திருத்தினார். அவ்வுரை இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது.

3. வடமொழிக் கவிதையியல்

9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், தம் த்வன்யாலோகத்தில் ஒரு கவிதை மற்றொன்றை ஒத்திருத்தலை மூன்றாகப் பிரிக்கிறார். கண்ணாடியில் தோன்றும் பிம்பம் போன்றது ஒன்று. ஓவியம் போன்றது ஒன்று. உருவொத்த இருவர் போன்றது ஒன்று. முதலிரண்டும் விலக்கத்தக்கன. மூன்றாவதற்குத் தனக்கென ஓர் உயிர் உண்டாதலின் அது ஏற்கத்தக்கது.

அவருக்குச் சற்றுப் பிற்பட்ட இராஜசேகரர், தம் காவியமீமாம்சையில் சொல்லைக் கவர்தல், பொருளைக் கவர்தல் ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரங்களில் விரிவாக ஆராய்கிறார். பிற திருட்டுகள் நாளடைவில் மறக்கப்பட்டாலும் சொல் திருட்டு வழித்தோன்றல்கள் காலத்தும் மறையாது என்னும் கண்டனம் அங்கு இடம்பெறுகிறது. அதனை அடுத்து அவர்தம் மனைவி அவந்திசுந்தரியின் கருத்து தரப்படுகிறது. மூலநூலார் புகழற்றவர், அவர் தொலைநாட்டினர், அவர் எழுதிய மொழி மதிப்புப் பெறாதது என்றவாறு, கவர்தலுக்குத் துணையாகும் காரணங்களை அது அடுக்குகிறது. வேற்றுமொழி நூலைக் கவர்ந்தால் கண்டுபிடிப்பார் இலர் என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தமை மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

4. இன்றைய நிலை

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஆய்வேட்டின் ஒப்புமை அளவை நான்கு நிலைகளாக்கியது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை திருத்தி அளிக்க வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேற்படின் பதிவு நீக்கம். உரிய முறையில் மேற்கோளாகச் சுட்டப்பட்ட பகுதிகள் இக்கணக்கில் சேரா.

விழுக்காட்டுக் கணக்கு பிம்பத்தை எளிதில் காட்டும். ஒரு சொல்லுக்கு அதன் பொருள்தரும் வேறொரு சொல்லைப் பெய்து, வாக்கிய அமைப்பை அப்படியே விட்டுவைக்கும் மாணவரின் எழுத்து ஓவியம் போன்றது. அது பல நேரங்களில் கணக்கிற்குத் தப்பும். ஆங்கிலப் பத்தியொன்றைத் தமிழாக்கிப் பெயர் சுட்டாது சேர்க்குமிடத்து, எழுத்தொப்புமையை மட்டும் நோக்கும் மென்பொருளுக்கு ஒப்பிட ஏதுமில்லை. தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு இதுவே பெருஞ்சிக்கல் எனலாம்.

5. முடிவுரை

மொழிபெயர்த்தலைத் தொல்காப்பியம் வழிநூலின் ஒருவகையாகக் கொண்டது. எனவே மூலம் சுட்டாத தமிழாக்கம், வழிநூலை முதல்நூலாகக் காட்டுவதாகும். சொற்கள் முழுதும் மொழிபெயர்த்தவருடையனவாயினும் இக்குற்றம் நீங்காது. மாணவர்க்கு மூன்று பழக்கங்களைத் தொடக்கத்திலேயே கற்பித்தல் வேண்டும். குறிப்பெடுக்கும்போதே பிறர் சொற்களை மேற்கோட் குறிக்குள் இடுதல் ஒன்று. மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தாம் உணர்ந்ததை எழுதி, பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் மற்றொன்று. பிறமொழி நூற்கருத்தைத் தமிழில் தரும்போது ஆசிரியர் பெயரோடு, மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் குறித்தல் மூன்றாவது. விழுக்காட்டிற்கு அஞ்சி எழுதுவதினும், ஒவ்வொரு கருத்திற்கும் ‘வழி’ யாது எனக் கேட்டு எழுதுதல் மாணவர்க்கு உறுதி பயக்கும்.