கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். செகந்தராபாத் கால்பந்துக் கழகங்களில் ஆடிப் பழகி, 1953இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருந்த அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம்தான் அவரை உருவாக்கியது. அங்கே போனபோது அவர் சென்டர் ஃபார்வர்டு. பிறகே கோல்கீப்பராக மாறினார். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்த் திடல்களில், ஓட்டம் குறைந்த பையனைக் கோலுக்குள் நிறுத்துவார்கள். தங்கராஜின் கதை நேர்மாறானது. ஆறடியைத் தாண்டிய உயரமும் முன்வரிசையில் பழகிய காலும் அவருக்கு இருந்தன. அவர் உதைக்கும் கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும்; எதிரணி திரும்பி ஓட வேண்டியிருக்கும்.

மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில், மற்றொரு கோல்கீப்பரான எஸ்.எஸ். நாராயணுடன் அவரும் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது; ஹங்கேரியிடம் 1-2 என்றே தோற்றது. அன்றைய ஹங்கேரியின் வலிமையை அறிந்தவர்கள் அதைச் சாதாரணத் தோல்வி என்று சொல்லமாட்டார்கள்.

அவருடைய பெயர் நிலைத்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 எனத் தாண்டியது. காய்ச்சலால் ஒதுங்கியிருந்த தங்கராஜுக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் கோல் காத்து வந்தார். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் தங்கராஜையே இறக்கினார். இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தியின் பேச்சால் கொதித்திருந்த இந்தோனேசிய ரசிகர்கள், இந்தியர்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சலிட்டனர். பி.கே. பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடத்துக்குள் கோல் அடித்தனர். மிச்ச நேரமெல்லாம் தாக்குதலைத் தாங்க வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை. 2-1. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றது அன்றுதான்.

கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய அணிகளுக்கும் அவர் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளரானார். பொக்காரோவில் இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவித்தார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார்.